இன்ஸ்டால் செய்யும் வேலையை யார் சுமக்கிறார்கள்?

விஎல்சி என்ற வீடியோ பிளேயரைத் தெரியாத கணினிப் பயனர் அரிது. ஆரஞ்சும் வெள்ளையுமான சாலைக் கூம்பை அடையாளமாகக் கொண்ட இந்த மென்பொருள், 1996-இல் பாரிஸ் அருகே எகோல் சென்ட்ரால் கல்லூரி மாணவர்களின் திட்டமாகத் தொடங்கியது. 2001-இலிருந்து கட்டற்ற மென்பொருளாக எல்லோருக்கும் கிடைக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் என மூன்று இயங்குதளங்களிலும் ஓடுகிறது. ஆனால் அதைக் கணினியில் ஏற்றும் வழி மட்டும் மூன்றிலும் மூன்று விதம்.

விண்டோஸ் என்றால் விஎல்சியின் தளத்துக்குப் போய் ஒரு கோப்பைத் தரவிறக்க வேண்டும். அதை இருமுறை கிளிக் செய்தால், இந்த நிரல் உங்கள் கணினியில் மாற்றங்கள் செய்யலாமா என்று திரை கேட்கும். ஆம் என்றதும் நாலைந்து முறை ‘நெக்ஸ்ட்’ அழுத்தி முடிக்கலாம். மேக்கில் தரவிறக்கிய கோப்பைத் திறந்தால் ஒரு சிறு ஜன்னலில் கூம்புப் படமும் அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டரும் அருகருகே தெரியும். கூம்பை இழுத்து ஃபோல்டரில் போட்டால் வேலை முடிந்தது. டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ்களில் எந்தத் தளத்துக்கும் போக வேண்டியதில்லை. டெர்மினலில் ‘சுடோ ஆப்ட் இன்ஸ்டால் விஎல்சி’ என்று ஒரு வரி அடித்து, கடவுச்சொல்லைக் கொடுத்தால் போதும்.

இவற்றில் எது எளிது என்ற வாதம் கணினிப் பழக்கமுள்ளவர்கள் கூடும் இடமெல்லாம் நடக்கிறது. பெரும்பாலும் அவரவர் பழகியதே அவரவருக்கு எளிது. அறிவியல் நோக்கில் இன்னும் பயனுள்ள கேள்வி ஒன்று உண்டு. ஒரு மென்பொருளை ஒரு கணினியோடு பொருத்துவதற்குக் குறிப்பிட்ட அளவு வேலை இருந்தே தீரும். எந்த இயங்குதளமும் அந்த வேலையை இல்லாமல் ஆக்கிவிடவில்லை. அது யார் தலையில் விழுகிறது என்பதில்தான் மூன்றும் வேறுபடுகின்றன. இந்த அத்தியாயம் அந்த வேலையைப் பின்தொடர்கிறது.

ஒரே நிரல், மூன்று உருவம்

விண்டோஸுக்கான விஎல்சியை மேக்கில் ஏன் அப்படியே ஓட்ட முடியாது? இரண்டு கணினிகளிலும் ஒரே இன்டெல் சிப் இருந்தாலும் முடியாது. சிப்புக்கான கட்டளைகள் ஒன்றாக இருக்கலாம். அவற்றைச் சுற்றிய கட்டமைப்பு வேறு. நிரல் எங்கே தொடங்குகிறது, நினைவகத்தில் எந்தப் பகுதியை எங்கே வைப்பது, உடன் எந்தக் கோப்புகள் தேவை என்ற விவரங்களை ஒவ்வொரு இயங்குதளமும் தனக்கே உரிய வடிவத்தில் எதிர்பார்க்கிறது.

இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு விண்டோஸ் நிரல் கோப்பை நோட்பேடில் திறந்தால் புரியாத குறிகளின் குவியல் தெரியும். ஆனால் முதல் இரண்டு எழுத்துகள் மட்டும் எப்போதும் ‘எம்’, ‘இசட்’ என்ற ஆங்கில எழுத்துகளாகவே இருக்கும். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தின் காலத்தில் இந்த வடிவத்தை வகுத்த மைக்ரோசாஃப்ட் பொறியாளர் மார்க் ஸ்பிகாவ்ஸ்கியின் முதலெழுத்துகள் அவை. இன்றைய விண்டோஸ் நிரல்களும் அந்த இரண்டெழுத்தோடுதான் தொடங்குகின்றன. லினக்ஸ் நிரலில் முதலில் ஒரு சிறப்புக் குறி, பிறகு ‘ஈ’, ‘எல்’, ‘எஃப்’ என்ற மூன்று எழுத்துகள். மேக் நிரலின் தொடக்கம் வேறு. இயங்குதளம் முதலில் பார்ப்பது இந்த அடையாளத்தை. பொருந்தவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடும்.

அடையாளம் பொருந்தினாலும் வேலை முடிவதில்லை. வட்டிலிருந்து கோப்பைப் படிக்கவோ, திரையில் ஒரு ஜன்னலைத் திறக்கவோ நிரல் இயங்குதளத்திடம்தான் கேட்க வேண்டும். கேட்கும் முறை ஒவ்வொன்றிலும் வேறு. அதனால் விஎல்சி எழுதுபவர்கள் ஒரே மூல நிரலை ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாகத் தொகுத்து வெளியிடுகிறார்கள். பொருத்தும் வேலையின் முதல் பங்கு இங்கே, நம் கண்ணுக்கு வரும் முன்பே முடிந்துவிடுகிறது.

நூலகங்களை யார் கொண்டுவருவது?

சிக்கலான பங்கு இனிமேல்தான். எந்த நிரலும் எல்லாவற்றையும் தானே செய்வதில்லை. சுருக்கப்பட்ட வீடியோவை விரிக்க, எழுத்துகளை வரைய, இணையத்தில் பாதுகாப்பாகப் பேச என ஒவ்வொன்றுக்கும் வேறு யாரோ எழுதிய நிரல் நூலகங்கள் உள்ளன. லைப்ரரி என்று நிரலாளர்கள் அழைக்கும் இவற்றை விஎல்சியும் டஜன் கணக்கில் பயன்படுத்துகிறது.

இவற்றைப் பயனரின் கணினியில் சேர்க்க இரண்டு வழிகள் உண்டு. கல்யாணத்துக்குச் சமைக்க வருபவர் அண்டா, கரண்டி, அடுப்பு எல்லாவற்றையும் தன் வண்டியிலேயே ஏற்றி வரலாம். அல்லது மண்டபத்தில் இருக்கும் பாத்திரங்களை நம்பி வெறுங்கையோடு வரலாம். முதல் வழியில் இடமும் செலவும் கூடுதல், ஆனால் எங்கே போனாலும் சமையல் நடக்கும். இரண்டாம் வழி சிக்கனம். ஆனால் மண்டபத்தில் என்ன இருக்கிறது என்று யாராவது கணக்கு வைத்திருக்க வேண்டும்.

விண்டோஸ் நெடுங்காலம் இரண்டுக்கும் நடுவில் சிக்கித் தவித்தது. 1990-களில் ஒரு மெகாபைட் இடமும் விலை உயர்ந்தது. விண்டோஸ் 95 கூட 13 ஃபிளாப்பிகளில் விற்கப்பட்டது. அதனால் டிஎல்எல் எனப்படும் பொது நூலகக் கோப்புகளை எல்லா நிரல்களும் விண்டோஸின் சிஸ்டம் ஃபோல்டரில் வைத்துப் பகிர்ந்துகொண்டன. ஆனால் அந்தப் பொது இடத்துக்குக் காவலர் இல்லை. புதிதாக வரும் ஒரு நிரலின் இன்ஸ்டாலர் தன்னோடு கொண்டுவந்த பழைய பதிப்பை அங்கிருந்த புதிய பதிப்பின் மேல் எழுதிவிடும். நேற்று வரை நன்றாக ஓடிய வேறொரு நிரல் இன்று திறக்காது. புதிதாக ஏற்றிய நிரலோ நன்றாக ஓடும். ஆகவே குற்றவாளி யார் என்றே பயனருக்குத் தெரியாது. நிரலாளர்கள் இதை ‘டிஎல்எல் நரகம்’ என்றே அழைத்தார்கள்.

மைக்ரோசாஃப்ட் இதைப் படிப்படியாகச் சரிசெய்தது. 1999-இல் ஆஃபிஸ் 2000-உடன் வந்த விண்டோஸ் இன்ஸ்டாலர், எந்தக் கோப்பு எங்கே போகிறது என்பதை ஒரு தரவுத்தள அட்டவணையாகவே எழுதி வைக்கச் சொன்னது. எம்எஸ்ஐ என்று முடியும் கோப்புகள் உண்மையில் சிறு தரவுத்தளங்கள். பாதி வழியில் தவறு நேர்ந்தால் செய்த மாற்றங்களைத் திரும்பப் பெறவும் அந்த முறையில் முடிந்தது. விண்டோஸ் 2000 தன் முக்கியக் கோப்புகளைப் பிற நிரல்கள் மாற்றினால் மூலப்படியை மீட்டு வைத்தது. விண்டோஸ் எக்ஸ்பி ஒரே நூலகத்தின் பல பதிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டது. வட்டு இடம் மலிவானதும் பெரும்பாலான நிரல்கள் தமக்கு வேண்டியதைத் தாமே சுமந்துவரத் தொடங்கின. இன்று விண்டோஸில் விஎல்சியின் ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் அதன் நூலகங்களும், நூற்றுக்கணக்கான பிளக்இன் கோப்புகளும் அங்கேயே இருப்பதைக் காணலாம்.

மேக் இந்த வழியை இன்னும் ஒழுங்காகச் செய்தது. ஸ்டீவ் ஜாப்ஸ் ஆப்பிளிலிருந்து வெளியேறித் தொடங்கிய நெக்ஸ்ட் நிறுவனத்தின் இயங்குதளத்தில் பிறந்த யோசனை இது. ஆப்பிள் நெக்ஸ்டை வாங்கியபின், 2001-இல் வெளிவந்த மேக் ஓஎஸ் எக்ஸில் அது பொது வழக்கமானது. திரையில் ஒற்றைக் கோப்பாகத் தெரியும் விஎல்சி உண்மையில் ஒரு ஃபோல்டர். அதன்மேல் வலது கிளிக் செய்து உள்ளடக்கத்தைக் காட்டச் சொன்னால், இயங்கும் நிரல் ஓரிடத்தில், படங்களும் மொழிபெயர்ப்புகளும் வேறிடத்தில், நிரலின் பெயரையும் பதிப்பையும் சொல்லும் ஒரு தகவல் கோப்பு தனியே என எல்லாம் அடுக்கப்பட்டிருப்பது தெரியும். எல்லாம் ஒரே உறைக்குள் இருப்பதால்தான் இழுத்துப் போட்டால் நிரல் ஏறிவிடுகிறது. குப்பைத்தொட்டியில் போட்டால் போய்விடுகிறது. பயனரின் விருப்ப அமைப்புகள் மட்டும் வேறிடத்தில் மிச்சமிருக்கும்.

ஆக, விண்டோஸிலும் மேக்கிலும் பொருத்தும் சுமையைத் தாங்குபவர் மென்பொருளை எழுதியவர். எந்த நூலகம், எந்தப் பதிப்பு என்பதை அவரே தேர்ந்து, சோதித்து, கட்டி அனுப்புகிறார்.

டெபியன் எடுத்த வேறு பாதை

லினக்ஸில் தொடக்க காலம் கடினமானது. மூல நிரலைத் தரவிறக்கி, கணினியிலேயே தொகுத்து, ஏதாவது ஒரு நூலகம் இல்லை என்று நின்றால் அதைத் தேடிக் கொண்டுவந்து மறுபடி தொடங்க வேண்டும். 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் என்ற மாணவர் டெபியன் திட்டத்தை அறிவித்தார். மென்பொருள்களை ஒன்றோடொன்று பொருந்தும்படி ஒரே குழு கட்டித் தர வேண்டும் என்பது அதன் நோக்கம். அப்படிக் கட்டியதைப் பொதி என்கிறோம். ஒவ்வொரு பொதியிலும் கோப்புகளோடு ஒரு குறிப்பும் இருக்கும்: நான் இயங்க இன்னின்ன பொதிகள், இந்தப் பதிப்போ அதற்கு மேலோ வேண்டும், இன்னதோடு சேர்ந்து இருக்க மாட்டேன்.

குறிப்பு இருந்தால் போதாது, அதன்படி நடக்கும் கருவியும் வேண்டும். டெபியனின் அடிப்படைக் கருவியான டிபிகேஜி, தேவையான பொதி இல்லையென்றால் புகார் சொல்லி நின்றுவிடும். ரெட் ஹேட் நிறுவனம் தன் லினக்ஸுக்கு உருவாக்கிய ஆர்பிஎம்மும் அப்படியே. ஒன்றைத் தேடிப் போனால் அது இன்னும் இரண்டைக் கேட்கும். அவை ஒவ்வொன்றும் வேறொன்றைக் கேட்கும். 1999 மார்ச்சில் டெபியன் 2.1 வெளியானபோது அதனுடன் வந்த ஆப்ட் என்ற கருவி இந்தச் சங்கிலி முழுவதையும் தானே தொடர்ந்து, எல்லாவற்றையும் டெபியனின் பொதிகள் சேர்த்து வைக்கப்பட்டிருக்கும் களஞ்சியத்திலிருந்து இறக்கி, சரியான வரிசையில் ஏற்றியது.

விஎல்சி கட்டளையை அடித்ததும் டெர்மினலில் தெரிவது இதுதான். புதிதாக ஏறப்போகும் பொதிகளின் பட்டியல் வரும். டெபியனில் விஎல்சி பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: ஓடும் நிரல் ஒன்று, மைய நூலகம் ஒன்று, பிளக்இன்கள் சில, மொழிபெயர்ப்புகள் ஒன்று. கீழே எத்தனை மெகாபைட் இறங்கும், வட்டில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்ற கணக்கு. கடைசியில் தொடரலாமா என்ற கேள்வி. அந்தப் பட்டியலில் ஏற்கெனவே கணினியில் உள்ள நூலகங்கள் இருக்காது, அவை பகிர்ந்துகொள்ளப்படும்.

பகிர்வதன் பலன் 2014 ஏப்ரலில் உலகுக்குத் தெரிந்தது. இணையப் பாதுகாப்புக்குப் பெருமளவில் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற பெரும் ஓட்டை வெளிப்பட்டது. டெபியன் பயனர்கள் அந்த ஒரு நூலகத்தின் பொதியைப் புதுப்பித்து, அதைப் பயன்படுத்தும் சேவைகளை மீண்டும் தொடங்கியதும், அதை நம்பியிருந்த எல்லா நிரல்களுக்கும் ஒரே நேரத்தில் பாதுகாப்பு கிடைத்தது. நூலகத்தைத் தமக்குள் வைத்துக் கட்டியிருந்த நிரல்களோ ஒவ்வொன்றும் தனித்தனியே புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது.

ஒரு கணிதப் புதிர்

பொதிகளின் தேவைகளைப் பூர்த்தி செய்வது வெறும் பட்டியல் வேலை போலத் தோன்றும். உள்ளே ஒரு கடினமான கணிதம் இருக்கிறது. நீங்கள் கேட்கும் நிரலுக்கு ஒரு நூலகத்தின் 2-ஆம் பதிப்பு வேண்டும். ஏற்கெனவே உள்ள அச்சு நிரல் 1-ஆம் பதிப்போடு மட்டுமே ஓடும். அச்சு நிரலின் புதிய பதிப்பு 2-ஐ ஏற்கும், ஆனால் அது வேறொரு பொதியோடு மோதும். அந்தப் பொதிக்கு இரண்டு மாற்றுகள் உள்ளன. எதைத் தேர்ந்தால் எல்லோரும் ஒத்துப்போவார்கள்?

இரண்டு வாய்ப்புகள் கொண்ட 20 பொதிகள் என்றால் மொத்தச் சேர்க்கைகள் 10,48,576. அதுவே 100 பொதிகள் என்றால் அது 31 இலக்க எண். ஒவ்வொன்றாக முயன்று பார்க்க எந்தக் கணினிக்கும் காலம் போதாது. 2000-களின் நடுவில் ஈடாஸ் என்ற ஐரோப்பிய ஆய்வுத் திட்டத்தில் ராபர்ட்டோ டி காஸ்மோ உள்ளிட்டோர், பொதிகளை ஏற்றும் இந்தச் சிக்கல் என்பி-முழுமை வகையைச் சேர்ந்தது என்று காட்டினார்கள். எல்லாச் சூழலிலும் விரைவாக விடை தரும் வழி யாருக்கும் தெரியாத சிக்கல்களின் குடும்பம் அது. 2008-இல் ஓப்பன்சூசே என்ற லினக்ஸின் 11.0 பதிப்பு இதைத் தர்க்கச் சமன்பாடுகளாக மாற்றி, சிப் வடிவமைப்பைச் சரிபார்க்கப் பயன்படும் அதே வகைத் தீர்வு காணும் நிரலைக் கொண்டு விடை காணத் தொடங்கியது.

அப்படியிருந்தும் நம் கணினியில் விடை ஒரு நொடியில் வருகிறது. அதற்கு மனித உழைப்பு பெரிய காரணம். டெபியனில் பொதி பராமரிப்பவர்கள் தம் புதிய பதிப்பை முதலில் ‘அன்ஸ்டேபிள்’ என்ற பிரிவில் விடுகிறார்கள். அங்கே சில நாள் காத்திருந்து, பெரிய பிழை எதுவும் வராமல், வேறு பொதிகளை ஏற்ற முடியாமல் ஆக்காமல் இருந்தால்தான் அடுத்த பிரிவான ‘டெஸ்டிங்’குக்குப் போகும். பிறகு எல்லாவற்றையும் உறையவைத்து, பிழைகளைக் களைந்து, நிலையான வெளியீடாக அறிவிக்கிறார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இல் 64,000-க்கும் மேற்பட்ட பொதிகள் இருந்தன. இவ்வளவும் ஒன்றோடொன்று பொருந்தும்படி உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் முன்கூட்டியே ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறார்கள். புதிரின் பெரும்பகுதியை அவர்கள் தீர்த்துவிடுவதால் நம் கணினிக்கு எளிய பகுதி மட்டும் மிஞ்சுகிறது.

இந்த உழைப்பின் பயன் தமிழ்நாட்டுக்கும் வந்திருக்கிறது. சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் அதுவும் இருந்தது. அதில் ஒரு மாணவர் புதிய மென்பொருளை ஏற்றியபோது டெபியனின் இதே பொதி முறைதான் வேலை செய்தது.

டெபியன் வழிக்குக் குறை உண்டு. நிலையான வெளியீட்டில் உறையவைத்த பதிப்பே இருப்பதால், நேற்று வெளியான புதிய வசதி வேண்டுபவர் காத்திருக்க வேண்டும். மென்பொருள் எழுதுபவரின் பார்வையிலோ, டெபியன், ஃபெடோரா, சூசே என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பொதி என்பது பெரும் பாரம். 2016-இல் பரவலாக அறிமுகமான ஸ்னாப், ஃபிளாட்பேக் ஆகியவை இதற்கு விடையாக வந்தன. நிரலையும் அதன் நூலகங்களையும் சேர்த்துக் கட்டி எந்த லினக்ஸிலும் ஓடச் செய்யும் இவை, மேக்கின் வழியை லினக்ஸுக்குக் கொண்டுவந்தவை எனலாம். எதிர்த்திசையிலும் பயணம் நடந்தது. 2009-இல் ஹோம்ப்ரூ மேக்குக்கும், 2020-இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்த விங்கெட் விண்டோஸுக்கும், ஒரு வரிக் கட்டளையால் மென்பொருள் ஏற்றும் வசதியைத் தந்தன.

கடைக்காரரின் சாவி

2008 ஜூலையில் ஆப்பிள் ஐபோனுக்கான தன் ஆப் ஸ்டோரை 500 செயலிகளோடு திறந்தது. கணினி பழகாத கோடிக்கணக்கானோருக்கு மென்பொருள் ஏற்றுவது ஒரு தொடுதலாக மாறியது அதன் பிறகுதான். ஒவ்வொரு செயலியும் தன் வேலிக்குள்ளேயே ஓடும். மற்றொன்றின் கோப்புகளைத் தொட முடியாது. டிஎல்எல் நரகம் போன்ற ஒன்று அங்கே எழவே வழியில்லை.

ஆனால் இங்கே சுமையோடு அதிகாரமும் ஓரிடத்தில் குவிந்தது. எதை ஏற்கலாம், எதை நீக்கலாம், எவ்வளவு கட்டணம் என்று தீர்மானிப்பவர் கடைக்காரரே. ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் இயற்றிய பிறகுதான், 2024 மார்ச்சில், ஐபோனில் வேறு கடைகளுக்கு ஆப்பிள் அங்கே வழிவிட்டது. எளிமைக்காக நாம் கொடுக்கும் விலை சில நேரம் பணமாக இருக்கும், சில நேரம் தேர்வுரிமையாக இருக்கும்.

எந்த வழியில் ஏற்றினாலும் நாம் யாரையோ நம்புகிறோம். விண்டோஸில் தேடுபொறி காட்டும் முதல் இணைப்பு போலித் தளமாக இருந்தால், அத்தனை ‘நெக்ஸ்ட்’களும் தீம்பொருளுக்குச் சேவை செய்துவிடும். டெபியன் களஞ்சியம் மின்கையொப்பத்தால் காக்கப்படுகிறது. இடையில் யாராவது கோப்பை மாற்றினால் ஆப்ட் ஏற்க மறுக்கும். ஆனால் கையொப்பம், உள்ளே இருக்கும் நிரல் நேர்மையானது என்று சொல்லாது.

2024 மார்ச் 29 அன்று அது நிரூபணமானது. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தன் டெபியன் கணினியில் தொலைநுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கவனித்தார். காரணத்தைத் துருவியபோது, எக்ஸ்இசட் என்ற சுருக்க நூலகத்தில் ஒரு பின்கதவு பொதிந்திருப்பதைக் கண்டார். அந்த நூலகத்தை நெடுங்காலம் ஏறக்குறைய தனியாளாகப் பராமரித்து வந்தவர் களைத்திருந்த வேளையில், உதவுவதாக வந்த ஒருவர் ஆண்டுக்கணக்கில் நம்பிக்கையைச் சம்பாதித்து அதைச் செருகியிருந்தார். கெட்ட பதிப்பு டெபியனின் சோதனைப் பிரிவுகளோடு நின்றது. நிலையான வெளியீட்டைத் தொடவில்லை. படிப்படியாக வடிகட்டும் முறையும் ஒரு மனிதரின் விழிப்பும் சேர்ந்து காப்பாற்றின.

ஆகவே ஒரு மென்பொருளை ஏற்றுவது எளிதா என்று மதிப்பிடும்போது ஏற்றும் அந்த ஒரு நிமிடத்தை மட்டும் கணக்கில் கொள்வது போதாது. நாளை ஓட்டை கண்டறியப்பட்டால் இதைப் புதுப்பிக்கப் போவது யார்? வேண்டாம் என்றால் மிச்சமில்லாமல் நீக்க முடியுமா? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்த வழியே நல்ல வழி. வீட்டுக் கணினியில் களஞ்சியமோ அதிகாரபூர்வக் கடையோ இருந்தால் முதலில் அங்கே தேடுங்கள். இல்லையென்றால் மென்பொருளை உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்தின் முகவரியை நேரடியாக அடித்துப் போங்கள்.

எக்ஸ்இசட் போன்ற நூலகங்களைத் தாங்குவோரைத் தனியாக விடாமல் இருப்பது அடுத்த கடமை. இதற்கு நிரலாளராக இருக்கத் தேவையில்லை. டெபியன் களஞ்சியத்தில் தமிழ் எழுத்துருக்களுக்கென்றே பொதிகள் உள்ளன. பல நிரல்களில் தமிழ் மொழிபெயர்ப்பு பாதியில் நிற்கிறது. ஓர் எழுத்து தவறாகத் தெரிந்தால், ஒரு பட்டியின் பெயர் பிழையாக இருந்தால், டெபியனின் பிழைப் பதிவேட்டில் அதை எழுதி அனுப்ப யாராலும் முடியும். அடுத்து அந்தப் பொதியை ஏற்றும் ஒவ்வொரு தமிழருக்கும் ஒரு சிக்கலை நீங்கள் முன்கூட்டியே தீர்த்து வைத்திருப்பீர்கள்.